யூ.எஸ்.பி-தொடர் மாற்றியுடன் கூடிய கம்பியிலா நுண்கட்டுப்படுத்திப் பலகை

யூ.எஸ்.பி-தொடர் மாற்றியுடன் கூடிய கம்பியிலா நுண்கட்டுப்படுத்திப் பலகை என்பது, வானலை வழியே தரவு அனுப்பவல்ல நுண்கட்டுப்படுத்தியையும், அதனைக் கணினியின் யூ.எஸ்.பி வாயிலுடன் இணைக்கும் மாற்றிச் சில்லையும் ஒருங்கே தாங்கிய அச்சிட்ட மின்சுற்றுப் பலகை ஆகும். இத்தகைய பயிற்சிப் பலகைகள் சந்தையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. எனினும் வெளியிடத்தில் மின்கலத்தைக் கொண்டு நெடுங்காலம் இயங்க வேண்டிய கருவிக்கு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை. தென்காசி மாவட்டத்துக் குற்றாலம் போன்ற அருவிப் பகுதியில் நீர்மட்டத்தை அளந்து அறிவிக்கும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பலகையின் வடிவமைப்பு இங்கு விளக்கப்படுகிறது.

தேவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரை தென்மேற்குப் பருவக்காற்றால் சாரல் பெய்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போதும் சிற்றாற்றில் வெள்ளம் வருவதுண்டு. மலையின் மேற்பகுதியில் மழை கொட்டும் வேளையில் கீழே குளிப்போருக்கு அதன் அடையாளமே தெரியாதிருக்கலாம் என்பதே இவ்விடத்தின் இடர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். சாரல் காலம் தொடங்கும் முன்னரே இது நிகழ்ந்தது. எனவே இங்கு வைக்கப்படும் அளவீட்டுக் கருவி ஆண்டு முழுவதும் விழித்திருக்க வேண்டும்.

மாற்றிச் சில்லின் பணி

நுண்கட்டுப்படுத்தி அனுப்புகை, பெறுகை ஆகிய இரு கம்பிகளின் வழியே தொடர்நிலைத் தரவைப் பரிமாறுகிறது. தற்காலக் கணினிகளில் பழைய தொடர்நிலை வாயில் இல்லாததால் இடையே மொழிபெயர்ப்பாளர் போல ஒரு சில்லு தேவைப்படுகிறது. எஃப்டி232ஆர், சிபி2102, சிஎச்340 ஆகியவை பரவலாகப் பயன்படுவன. ஒன்றின் அனுப்புகை மற்றதன் பெறுகையுடன் இணைய வேண்டும். இரண்டும் 3.3 வோல்ட்டு மட்டத்தில் இயங்குவதும் இன்றியமையாதது.

ஈஎஸ்பி32 வகை நுண்கட்டுப்படுத்தியில் நிரலை ஏற்ற, மீளமைப்பு முனை விடுபடும் கணத்தில் ‘ஜிபிஐஓ0’ என்னும் முனை தாழ்நிலையில் இருக்க வேண்டும். இதனைக் கையால் அழுத்தும் பொத்தான்களாலும் செய்யலாம். மாற்றிச் சில்லின் டிடிஆர், ஆர்டிஎஸ் ஆகிய கட்டுப்பாட்டுக் கம்பிகளை இரு திரிதடையங்கள் வழியே இணைத்தால் கணினியே இதைச் செய்துகொள்ளும். ஒரு கம்பி ஒரு திரிதடையத்தின் அடிவாயையும் மற்றதன் உமிழ்வாயையும் இயக்குமாறு குறுக்காக இணைப்பர். இதனால் இரு கம்பிகளும் ஒரே நிலையில் இருந்தால் எதுவும் நிகழாது. தொடர்நிலைத் திரையை வெறுமனே திறப்பதால் கருவி முடங்குவதும் இல்லை. மீளமைப்பு முனையில் 10 கிலோஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட்டு மின்தேக்கியும் இடப்படுகின்றன. மின்தேக்கி தரும் சிறு தாமதம் இல்லாவிடில் நிரலேற்றம் சில கணினிகளில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. காரணம் புரியாமல் மாணவர்கள் பல நாட்களை இழக்கும் இடம் இதுவே.

யூ.எஸ்.பி ‘சி’ வகை வாயில் பொருத்தினால், அதன் சிசி1, சிசி2 முனைகள் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி 5.1 கிலோஓம் மின்தடை புவிமுனைக்குச் செல்ல வேண்டும். இவை விடுபட்டால், இருபுறமும் ‘சி’ முனை கொண்ட வடத்தில் மின்சாரமே வராது.

மின்வழங்கல்

நிரலேற்றம் சில நிமிட வேலை. அதன்பின் பலகை தன் வாழ்நாள் முழுவதும் மாற்றிச் சில்லின் உதவியின்றியே இயங்குகிறது. ஆகவே பயன்படாத நேரத்தில் அச்சில்லும் அதன் துணையுறுப்புகளும் மின்கலத்திலிருந்து ஒன்றும் உறிஞ்சாதிருக்கச் செய்வதே இவ்வடிவமைப்பின் மையச் சிக்கல் எனலாம்.

மலிவான பலகைகளில் காணப்படும் ஏஎம்எஸ்1117 என்னும் மின்னழுத்தச் சீராக்கி, சுமை ஏதும் இல்லாதபோதும் ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 2000 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் இதற்கு மட்டுமே 400 மணி நேரத்தில், அதாவது 17 நாட்களுக்குள் தீர்ந்துவிடும். ஆழ்துயில் நிலையிலுள்ள ஈஎஸ்பி32 சில்லுக்கோ ஏறத்தாழ 10 மைக்ரோஆம்பியரே போதும். மேலும் ஏஎம்எஸ்1117 தன்னுள் 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பதால் 3.7 வோல்ட்டு இலித்தியம் மின்கலத்திலிருந்து 3.3 வோல்ட்டைத் தரவும் இயலாது. குறைந்த ஓய்வு மின்னோட்டமும் குறைந்த இழப்பும் கொண்ட சீராக்கியைத் தேர்ந்து, துயில்நிலையில் பலகையின் மொத்த நுகர்வை 50 மைக்ரோஆம்பியருக்குள் அடக்கினால், அதே மின்கலம் கணக்களவில் 40,000 மணி நேரம் தாங்கும். உணரியும் வானலை அனுப்புகையும் விழித்தெழும் நேரத்தில் எடுத்துக்கொள்வது இதிலிருந்து கழியும். எப்போதும் எரியும் சிறு ஒளியுமிழியையும் நீக்கிவிட வேண்டும்.

மாற்றிச் சில்லுக்கு யூ.எஸ்.பி வடத்திலிருந்து மட்டுமே மின்சாரம் செல்லுமாறு அமைப்பது அடுத்த படி. இதிலும் ஒரு கண்ணி உண்டு. மின்சாரம் இல்லாத சில்லின் பெறுகை முனைக்குள் நுண்கட்டுப்படுத்தியின் அனுப்புகை முனையிலிருந்து மின்னோட்டம் கசிந்து, சில்லை அரைகுறையாக உயிர்ப்பிக்கக்கூடும். இடையே ஒரு மின்தடை இட்டால் கசிவு குறையும். முற்றிலும் தவிர்க்க வேண்டுமாயின், மாற்றியைத் தனிச் சிறு பலகையாக்கி, ஆறு ஊசி இணைப்பியால் தேவைப்படும்போது மட்டும் பொருத்துவது நன்று. கற்பதற்கான பலகையில் மாற்றி உடனிருக்கலாம். மலையில் வைக்கும் பலகைக்குப் பிரித்த முறையே சிறந்தது. ஈஎஸ்பி32-சி3 போன்ற பிற்கால வகைகளில் யூ.எஸ்.பி வசதி உள்ளேயே இருப்பதால் தனி மாற்றி தேவையில்லை. ஆனால் ஆழ்துயிலின்போது அவ்வாயில் கணினியிலிருந்து மறைந்துவிடுவதால் பிழை தேடுவது கடினமாகும்.

இதற்கு நேர்மாறான தேவையும் உண்டு. வை-ஃபை அனுப்புகையின்போது மின்னோட்டம் சட்டென உயர்வதால், சீராக்கி 500 மில்லிஆம்பியரேனும் தரவல்லதாக இருக்க வேண்டும்.

அலைக்கம்பியும் ஈரமும்

நுண்கட்டுப்படுத்திக் கூறின் அலைக்கம்பிப் பகுதி பலகையின் விளிம்பில் அமைய வேண்டும். அதன் அடியிலும் அருகிலும் செப்புப் படலம் கூடாது. ஈரமான காட்டில் 2.4 கிகாஏர்ட்சு அலை விரைவில் நலிவதால், தொலைவுக்கு இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865–867 மெகாஏர்ட்சு அலைவரிசையில் இயங்கும் லோரா கூறினைச் சேர்ப்பது பொருத்தமாகும்.

பற்றவைத்தபின் எஞ்சும் இளக்கியின் மீது ஈரம் படிந்தால் நுண்ணிய மின்கசிவு தோன்றும். பாடுபட்டுச் சேமித்த மைக்ரோஆம்பியர்கள் இவ்வழியே வீணாகும். ஆகவே பலகையைக் கழுவி உலர்த்தி, யூ.எஸ்.பி வாயிலையும் இணைப்பி ஊசிகளையும் மறைத்துக்கொண்டு, பாதுகாப்பு மேற்பூச்சு இடப்படுகிறது. பூச்சுக்குப் பின் துயில்நிலை மின்னோட்டத்தை மறுபடியும் அளந்து பார்த்தே கருவியை நிறுவுவர்.