அயல்நாட்டு யாத்திரிகரும் அண்ணாமலைக் கடைவீதியும்

திருவண்ணாமலை சிவஸ்தலங்களுள் மிகப் புகழ் வாய்ந்தது. 217 அடி உயரமுள்ள இராஜகோபுரத்தையும், அதன் மேற்கே எழுந்து நிற்கும் மலையையும் தரிசிக்க ஆண்டு முழுவதும் ஜனங்கள் வந்த வண்ணம் இருக்கின்றனர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஜனங்கள் கூடுமிடத்தில் சந்தை கூடுவது இயல்பு. தீபத் திருவிழாவையொட்டி இங்கு மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாளைய வழக்கம். மற்ற நாட்களிலும் மாட வீதிகளிலும் அவற்றை அடுத்த தெருக்களிலும் திறந்த வெளியிலேயே காய், கனி, கீரை, பூ முதலியவற்றின் வியாபாரம் நடைபெற்று வருகிறது.

இச்சந்தைக்கு ஒரு விசேஷம் உண்டு. வேறு பல ஊர்ச் சந்தைகளில் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இங்கோ வாங்குவோரில் பெரும்பாலார் வேற்றூரார். அவர்களுள் அயல்நாட்டாரும் பலர். 1911-ல் வேலூரில் போலீஸ் உத்தியோகத்திலிருந்த ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேயரும், 1931-ல் பால் பிரண்டன் என்ற எழுத்தாளரும் ரமண மகரிஷியைக் காண இவ்வூருக்கு வந்தனர். 1950-ல் மகரிஷி சமாதியடைந்த பின்னரும் அயல்நாட்டார் வரவு நின்றுவிடவில்லை. மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில் பல தேசத்தாரைச் செங்கம் சாலையில் காணலாம். அவர்களுட் சிலர் மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்கித் தாமே சமைத்து உண்பவர். ஆகவே அவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் சந்தைக்கு வருவதில்லை. பை கொண்டு வந்து பண்டம் வாங்கிச் செல்கின்றனர். அவர்கள் வாங்கும் முறையைக் கவனித்தால் நம் குடியானவர்களுக்குப் பயன்படும் செய்திகள் பல கிடைக்கும்.

வேற்றூரார் வாங்கும் முறை

விடியற்காலையில் சந்தை களைகட்டுகிறது. கட்டுக்கட்டாகக் கீரை, கூறு வைத்த கத்தரியும் வெண்டையும், சீப்புச் சீப்பாக வாழைப்பழம், குவியல் குவியலாகச் சாமந்தி, முழம் போடும் மல்லிகைச் சரம், அவித்த மல்லாட்டை ஆகிய யாவும் தரையில் விரித்த சாக்கின் மேலும் தள்ளுவண்டியிலும் நிறைந்திருக்கும். ஜவ்வாது மலைப் பக்கத்துச் சாமை, தேன், புளி முதலியனவும் அவ்வப்போது வரும். அயல்நாட்டு யாத்திரிகர் இவற்றையெல்லாம் வியந்து பார்க்கிறார். ஆனால் அவர் கை முதலில் எதை நாடுகிறது? வாழைப்பழம், இளநீர், தோட்டோடு அவித்த கடலை ஆகியவற்றையே. இவை இயற்கையே உறையிட்டுக் கொடுத்த பண்டங்கள். தோலை உரித்துவிட்டால் உள்ளே தூசியும் இல்லை, சாக்கடை நீரும் இல்லை. கீரைக்கட்டை எடுக்க வரும் கை மட்டும் சற்றுத் தயங்குகிறது. அது எந்த நீரில் அலசப்பட்டதென்று அவருக்குத் தெரியாது.

இத்தயக்கம் அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலிருந்து வரும் யாத்திரிகருக்கும் அதே ஐயம் உண்டு. கீரையையும் கிழங்கையும் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ அலசி, வாடாமலிருக்க ஈரமான சுத்தத் துணியால் மூடி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகையிட்டு வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அழுகலையும் சொத்தையையும் வீட்டிலேயே கழித்து, பெரிது சிறிதாகப் பிரித்து வைத்தால் சந்தையில் பேரம் பேசும் நேரமும் குறையும்.

விலையும் எடையும்

பிரான்சு தேசத்து ஊர்களில் வாரச்சந்தை திறந்த வெளியிலேயே கூடுகிறது. அங்கே காய்கனிகளின் முன் விலையும், அவை விளைந்த தேசமும் எழுதிய சிறு பலகை இருக்க வேண்டுமென்பது விதி. ஜப்பானில் 1993 முதல் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் ஏற்பட்டுள்ள ‘மிச்சி நோ எக்கி’ என்னும் நிலையங்களில், அக்கம்பக்கத்து விவசாயிகள் தம் விளைபொருளின் மேல் தம் பெயரையே ஒட்டி விற்பதைக் காணலாம். இத்தகைய வழக்கங்களில் பழகியவர் நம் வீதியில் விலைப் பலகை இல்லாததைக் கண்டு திகைக்கிறார். விரல்களைக் காட்டி விலை சொன்னால், அது தமக்கென்று சொல்லும் விலையோ என ஐயுறுகிறார். சில வேளைகளில் அந்த ஐயம் மெய்யாகவும் இருந்துவிடுகிறது.

உள்ளூராருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு ஒரு விலை என்று சொல்பவர் அன்றைக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெறலாம். ஆனால் மாதக்கணக்கில் தங்குபவர் நான்கு நாளில் உண்மையை அறிந்துகொள்வார். பிறகு அவர் விலைச்சீட்டு ஒட்டிய கடையை நாடுவார். தம் நண்பர்களையும் அங்கேயே அனுப்புவார். ஒருவர் செய்த பிசகினால் அந்த வரிசையில் அமர்ந்துள்ள பத்துப் பேரின் வாடிக்கை போய்விடும். ஒரு கரும்பலகைத் துண்டில் கிலோ விலையை எழுதி வைத்தால் போதும். இலக்கத்தைப் படிக்கத் தமிழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

எடை விஷயமும் அத்தகையதே. முழம் கைக்குக் கை மாறும். கூறும் கட்டும் விற்பவர் மனம் போல் பெருக்கும், சிறுக்கும். எடையிட்டு விற்கக்கூடியதை எடையிட்டே விற்பது நலம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசும் படிக்கல்லும் குறித்த காலந்தோறும் முத்திரையிடப்பட வேண்டும். முத்திரை தெரியும்படி தராசை முன்னே வைப்பவருக்கு வேறு விளம்பரம் தேவையில்லை.

மணிலாக்கொட்டையின் ஈரம்

திருவண்ணாமலைச் சீமையில் மணிலாக்கொட்டை பெயர்பெற்ற விளைபொருள். ஆனி, ஆடியில் விதைத்த மானாவாரிப் பயிரை ஐப்பசி, கார்த்திகையில் பறிக்கிறோம். அதுவே அடைமழைக் காலம். தீபத் திருவிழாக் காலமும் அதுவே. புதுக் கடலைக்குக் கிராக்கி இருப்பதைக் கண்டு, சரியாக உலராத காயைச் சாக்கில் கட்டிச் சந்தைக்கு அனுப்பும் ஆசை எழுவது இயற்கை. இதில்தான் பெரிய அபாயம் இருக்கிறது. பறித்தவுடன் அவித்து அன்றே விற்பதில் குறையில்லை. ஈரத்தோடு குவித்து வைத்த காயிலோ ஒருவகைப் பச்சைப் பூஞ்சணம் பற்றி, அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றுக்குத் தீனியில் கலந்திடப்பட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே இந்நஞ்சு வெளிப்பட்டது. அவிப்பதாலும் வறுப்பதாலும் இது முற்றிலும் நீங்குவதில்லை. நாள்பட உண்பவரின் ஈரலை இது கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தார் நேரே உண்பதற்கான கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கலாகாதென விதித்துள்ளனர். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். ஆகவே வீதியில் நின்று பொட்டலம் வாங்கும் அயல்நாட்டார், தம் தேசத்தில் இவ்வளவு நுணுக்கமாக அளந்து வாங்கப் பழகியவர் என்பதை மறக்கலாகாது. நம் வீட்டுக் குழந்தைகளும் அதே கடலையைத்தான் தின்கின்றனர்.

தடுக்கும் வழிகள் எளியவை. பறித்த செடியைக் காய்கள் மேலிருக்கும்படி திருப்பிப் போட்டுக் காற்றாட விட வேண்டும். பறித்தபின் வெடித்தவை, புழு துளைத்தவை, சுருங்கியவை ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். ஈரக்காயைக் குவித்து மூடலாகாது. மழை நாளில் கொட்டகையில் மெல்லியதாய்ப் பரப்பி அடிக்கடி கிளறிவிட்டு, வெயில் கண்டபோதெல்லாம் உலர்த்த வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலித்தலும், பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் கழலுதலும் நன்கு உலர்ந்ததற்கு அடையாளங்கள். பூஞ்சணம் பிடித்துக் கழித்ததை மாட்டுக்கு இடுவதும் தவறு. நஞ்சு பாலிலும் இறங்கும்.

பழுக்க வைத்தல்

திருவிழாவுக்கு முன் வாழைத்தாரை அவசரமாகப் பழுக்க வைக்கக் கார்பைடுக் கல்லை உபயோகிப்பாரும் உளர். இக்கல்லை உபயோகித்தல் சட்டப்படி தடுக்கப்பட்டது. இதிலிருந்து வரும் வாயுவோடு பாஷாணத்தின் சிறு கலப்பும் சேர்ந்திருக்கக்கூடும். மேலும் தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே காயாகவே நிற்கும். ஒருமுறை அத்தகைய பழத்தை உரித்துப் பார்த்த யாத்திரிகர் மறுமுறை அக்கடைக்கு வருவதில்லை. முதிர்ந்த தாராகப் பார்த்து வெட்டிப் பழைய வழக்கப்படி மூட்டம் போடுவதோ, அனுமதிக்கப்பட்ட அளவில் எத்திலீன் வாயு செலுத்தும் அறைகளில் பழுக்க வைப்பதோ தக்கது.

விற்பதற்குரிய இடம்

விளைவித்தவரே விற்கும்போதுதான் இச்சீர்திருத்தங்களின் பலன் அவர் கைக்கு வரும். மண்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால் சுத்தத்திற்கும் தரத்திற்கும் உரிய மதிப்பு இடையிலேயே தங்கிவிடும். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைத் திட்டம் இக்குறையை நீக்கவே ஏற்பட்டது. திருவண்ணாமலையிலும் உழவர் சந்தை நடைபெறுகிறது. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்கு அங்கு வாடகையில்லாமல் இடமும் தராசும் கிடைக்கும். விலை அன்றன்று பலகையில் எழுதப்படும். மொத்த விலையினும் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியும், வெளிச் சில்லறை விலையினும் 15 சதவீதம் குறைந்தும் விலை அமைய வேண்டுமென்பது திட்டத்தின் கருத்து. வாங்குவோர், விற்போர் ஆகிய இருவர்க்கும் இதில் லாபம் உண்டு. வீதியிலேயே விற்க விரும்புவோருக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மாநகராட்சியில் அதற்குரிய சான்றிதழைப் பெற்று வைத்துக்கொள்வது நன்று.

அறிந்தவர் நம் முகத்தைப் பார்த்து வாங்குவர். அறியாதவரோ பண்டத்தையும், பலகையையும், தராசையும் பார்த்தே வாங்குவர். அம்மூன்றும் ஒழுங்காயிருக்குமாயின் மலையை வலம்வர வந்தவர், எத்தேசத்தவராயினும், நம் வயலின் பயனை நல்ல விலை கொடுத்துப் பெற்றுச் செல்வர். வரும் கார்த்திகைக்கு முன் ஒவ்வொரு குடியானவரும் ஒரு பலகை, முத்திரையிட்ட தராசு, உலர்த்துவதற்கு ஒரு கொட்டகை ஆகிய இம்மூன்றையும் சித்தம் செய்து கொள்வாராக.