பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

பூனைக்காலிக் காயைத் தொட்டவர் அதன் சுணையால் விளையும் தினவை ஆயுளுள்ளளவும் மறவார். அக்கொடியின் விதையை நம் நாட்டு வைத்தியர்கள் வாத ரோகங்களுக்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். 1937-ம் வருஷத்தில் சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்னும் இரு ரஸாயன சாஸ்திரிகள் அவ்விதையினின்று லெவோடோபா என்னும் வஸ்துவைப் பிரித்தெடுத்தனர். மேனாட்டார் பார்க்கின்ஸன் நோய் என்று கூறும் நடுக்குவாதத்திற்கு இன்று தலையாய ஔஷதம் அதுவே.

இதைக் கேட்டதும், ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று மார்தட்டும் நண்பர்களைச் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். சென்னையில் வஸ்து கிடைத்தது. அது இந்நோய்க்கு ஆகும் என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. 1913-லேயே ஐரோப்பிய அவரையினம் ஒன்றிலிருந்து அதை எடுத்த குக்கன்ஹைம் என்பாரும், தாமே சிறிது உண்டு வாந்தியெடுத்தாரேயன்றி அதன் மகிமையை உணர்ந்தாரில்லை.

1957-ல் ஸ்வீடன் தேசத்துக் கார்ல்ஸன், ரெஸர்பின் கொடுத்துச் செயலற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபாவைச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. (அந்த ரெஸர்பினும் நமது சர்ப்பகந்தி வேரில் உள்ளதே என்பதைச் சொல்லாதிருக்க மனம் வரவில்லை.) 1960-ல் வியன்னா நகரத்து ஹார்னிகீவிச், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் என்னும் சத்து அருகியிருக்கக் கண்டார். டோபமின் இரத்தத்தினின்று மூளைக்குள் புகாது. லெவோடோபா புகுந்து, அங்கே டோபமினாக மாறும். மறுவருஷமே பிர்க்மாயருடன் சேர்ந்து அதை ஊசி மூலம் ஏற்ற, படுக்கையினின்று எழ இயலாதோர் எழுந்து நடந்தனர். 1967-ல் அமெரிக்காவில் காட்ஸியாஸ், அளவைச் சிறுகச் சிறுக உயர்த்தி, அதை வாய்வழி உண்ணும் மருந்தாக்கினார். ‘மூளையில் குறைவது யாது?’ என்று கேட்டவர் கையிலேயே வஸ்து மருந்தாயிற்று.

விதைக்கு உரிய பெருமையை நாம் மறுக்கவில்லை. 1978-ல் பம்பாயில் வைத்யா முதலிய டாக்டர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். 2004-ல் லண்டனில் எட்டுப் பேருக்கு 30 கிராம் பொடி கொடுத்தபோது, மாத்திரையினும் விரைவில் குணம் தெரிந்தது. ஆனால் எட்டே பேர்! அதைக் கேள்வியுற்று, மாத்திரையை எறிந்துவிட்டுக் கடைப்பொடி வாங்குவோரை நினைந்தே இதை எழுதுகிறோம். விதைக்கு விதை சத்தின் அளவு வேறுபடும். மாத்திரையில் கார்பிடோபா என்னும் துணை மருந்து சேர்ந்திருப்பதால், லெவோடோபா வழியிலேயே விரயமாகாமல் மூளையை எட்டுகிறது, வாந்தியும் குறைகிறது. பொடியில் அத்துணை கிடையாது. டாக்டருக்குச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து உண்டாலோ, அளவு மிஞ்சிக் கைகால்கள் தம் வசமின்றி ஆடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் கொடிது. உடல் விறைத்து, கடுஞ்சுரம் கண்டு, உயிருக்கே அபாயம் நேரக்கூடும்.