இலவச மாதிரிகளும் சிறுதொழிலின் கணக்கேடும்

புதிதாகச் சந்தைக்கு வரும் ஊதுபத்தியையோ சோப்பையோ ஊறுகாயையோ வாங்குவோர் அறிந்து கொள்வதற்கு விலையின்றிச் சிறிதளவு கொடுத்துப் பார்ப்பது வணிகர்களின் நெடுங்கால வழக்கமாகும். பெரிய நிறுவனங்களில் இச்செலவைக் கணக்கிடுவதற்கெனத் தனி அலுவலர்கள் உள்ளனர். சிறுதொழில் நடத்துவோரிடமோ பெரும்பாலும் ஒரு கணிப்பொறியும், பகுதிநேரக் கணக்கர் ஒருவரும் மட்டுமே உண்டு. கொடுத்தவுடன் மறந்துவிடும் மாதிரிச் சரக்கு, ஆண்டிறுதியில் சரக்கிருப்பை எண்ணும்பொழுதுதான் மீண்டும் நினைவுக்கு வருகிறது.

கணக்குப் பதிவியல் பயிலும் மாணவர் இதற்கான பதிவை முதலாண்டிலேயே கற்கிறார். இலவச மாதிரிக் கணக்கில் பற்று எழுதி, கொள்முதல் கணக்கில் வரவு வைக்க வேண்டும்; தொகை அடக்க விலையேயன்றி விற்பனை விலையன்று. இதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் கணக்கு மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தபின், இந்த எளிய பதிவே பலவிடங்களில் விடுபட்டுப் போகிறது. காரணம், மென்பொருள் விற்பனைப் பட்டியலை மையமாகக் கொண்டு இயங்குவதாகும். பொருள் வெளியே செல்ல வேண்டுமானால் பட்டியல் ஒன்று போடுவதே கணக்கருக்குத் தோன்றும் வழி. எனவே விலைக் கட்டத்தில் சுழியம் இட்டு, வேலையை முடித்து விடுகிறார். இந்தியச் சிறு வணிகர்களிடையே பெரிதும் பரவியுள்ள டேலி மென்பொருளிலும் சுழிய மதிப்புப் பதிவுகளை அனுமதிக்கும் வசதி உள்ளது. வசதி இருப்பது வேறு. அதனால் கணக்குச் சரியாகி விடுமா என்பது வேறு.

மைசூரில் ஊதுபத்தி செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு மாதத்தில் 10,000 பொட்டலங்கள் செய்யப்படுகின்றன. பொட்டலம் ஒன்றின் அடக்க விலை ரூ. 8, வரி நீங்கலாக விற்பனை விலை ரூ. 10. இவற்றுள் 9,500 விற்பனையாகின்றன. 500 மாதிரியாகக் கடைகளுக்கு வழங்கப்படுகின்றன. சுழிய விலைப் பட்டியல் போட்டால் விற்பனை ரூ. 95,000, அடக்கம் ரூ. 80,000, மொத்த இலாபம் ரூ. 15,000, அதாவது விற்பனையில் 16 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவு. மாதிரிகளைத் தனிச் செலவாகப் பிரித்து எழுதினாலோ, விற்ற பொருளின் அடக்கம் ரூ. 76,000, மொத்த இலாபம் ரூ. 19,000, அதாவது 20 விழுக்காடு. மாதிரிச் செலவாகிய ரூ. 4,000 இலாப நட்டக் கணக்கில் விற்பனைச் செலவுகளோடு நிற்கும். இறுதி இலாபம் இரண்டிலும் ஒன்றே என்று தோன்றலாம். ஆயினும் முதல் முறையில் தொழில் நடத்துபவர், தம் பொருளின் ஆதாயமே குறைவு என்று கருதி விலையை உயர்த்தவோ, மூலப்பொருளின் தரத்தைக் குறைக்கவோ முற்படுவார். உண்மையில் அவர் ஆராய வேண்டியது, வழங்கிய 500 பொட்டலங்கள் புதிய கடைகளைப் பிடித்துத் தந்தனவா என்பதையே.

வரியின் நிலை இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு, இலவச மாதிரியாக வழங்கப்படும் பொருள்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்கிறது. பொதுவாக, விலை பெறாமல் கொடுப்பது அச்சட்டப்படி வழங்கல் ஆகாது. ஆகவே மாதிரிமீது வெளியீட்டு வரி இல்லை. அதற்கு ஈடாக, அப்பொருளுக்காக வாங்கிய உள்ளீடுகளின்மேல் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். 2019 மார்ச் 7-ஆம் நாளிட்ட 92-ஆம் சுற்றறிக்கை, உள்ளீட்டுப் பொருள்கள் மட்டுமன்றிச் சேவைகளும் மூலதனப் பொருள்களும் மாதிரிக்குப் பயன்பட்ட அளவிற்கு இதில் அடங்கும் எனத் தெளிவுபடுத்தியது. மேற்கண்ட தொழிற்கூடம் பொட்டலத்திற்கு 40 காசு உள்ளீட்டு வரி செலுத்தியதாகக் கொண்டால், திருப்ப வேண்டியது ரூ. 200. அத்தொகையும் செலவோடு சேர்ந்து, மாதிரிச் செலவு ரூ. 4,200 ஆகும். தொகை சிறிதுதான். ஆனால் தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவிற்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி உண்டு. பிழையோ மாதந்தோறும் தொடர்வது. சுழிய விலைப் பட்டியல் இத்திருப்பத்தைத் தானாகச் செய்வதில்லை.

எந்தப் பதிவும் செய்யாமல் விடுவது எல்லாவற்றினும் கேடானது. ஏட்டில் 500 பொட்டலங்கள் இருக்கும், கிடங்கில் இரா. இருப்பு ரூ. 4,000 மிகையாகக் காட்டப்படுவதால், இல்லாத இலாபத்திற்கு வருமான வரி செலுத்த நேரும். ஆய்வுக்கு வரும் அலுவலருக்கோ, குறையும் சரக்கு மாதிரியாகப் போயிற்றா, பட்டியலின்றி விற்கப்பட்டதா என்று அறிய வழியில்லை. கணக்கில் காட்டப்படாத பொருளை வழங்கப்பட்டதாகவே கொண்டு வரி நிர்ணயிக்கச் சட்டத்தின் 35(6) பிரிவு அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. ரூ. 200 திருப்ப வேண்டிய இடத்தில், 500 பொட்டலங்களுக்கும் விற்பனை வரி கட்ட வேண்டிய நிலை வரலாம். இதனாலேயே விதி 56, சரக்கிருப்புக் கணக்கில் இலவச மாதிரியாகக் கழிந்தவற்றைக் காட்ட வேண்டுமென வற்புறுத்துகிறது. இணக்கத் திட்டத்தில் உள்ள வணிகர்க்கு அவ்விதி பொருந்தாது. அவர்க்கு உள்ளீட்டு வரவும் இல்லை.

மென்பொருளில் செய்ய வேண்டியது அதிகமன்று. ‘ஸ்டாக் ஜர்னல்’ எனப்படும் சரக்குப் பதிவின் வழியாக 500 பொட்டலங்களை இருப்பிலிருந்து கழிக்க வேண்டும். இப்பதிவு இருப்பை மட்டுமே குறைக்கும். பேரேட்டில் செலவுக் கணக்கைத் தொடாது. இதை அறியாதோர் வேலை முடிந்தது என்று அங்கேயே நின்று விடுகின்றனர். ஆகவே மாதிரிச் செலவிற்குப் பற்றும் கொள்முதலுக்கு வரவுமாக ரூ. 4,000-க்கு ஒரு பதிவும், வரித் திருப்பத்திற்கு ரூ. 200-க்கு மற்றொரு பதிவும் தனியே எழுத வேண்டும். மாத அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தில், 2022 ஜூலையில் வெளிவந்த சுற்றறிக்கையின்படி, இத்திருப்பம் 4(பி)(1) வரிசையில் இடம்பெறும். மாதிரி யாருக்கு, எந்நாளில், எத்தனை வழங்கப்பட்டது என்னும் சீட்டைக் கையொப்பத்துடன் வைத்திருப்பது நன்று. மென்பொருளின் குறிப்புக் கட்டம் சான்றாகாது.

பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் சலுகையை இதனோடு குழப்பிக் கொள்ளலாகாது. பெயரளவில் இலவசமாயினும், மேற்சொன்ன 2019 சுற்றறிக்கை இத்தகைய சலுகையை, ஒரே விலைக்குப் பல பொருள்களை வழங்குவதாகவே கொள்கிறது. எனவே வரவைத் திருப்ப வேண்டியதில்லை. டேலியில் உண்மை அளவு, பட்டியல் அளவு என இரு கட்டங்களைத் திறந்து, முன்னதில் 11-உம் பின்னதில் 10-உம் இடுவது இதற்குரிய முறை. மாதிரிக்கும் இதே கட்டங்களைப் பயன்படுத்தினால் இரண்டும் கலந்துவிடும். பிறகு பிரிப்பது அரிது. வேறு மாநிலத்தில் தனிப்பதிவு பெற்ற சொந்தக் கிளைக்கு விலையின்றி அனுப்பும் சரக்கும் மாதிரியன்று. முதல் அட்டவணைப்படி அது வரிக்குரிய வழங்கலே.

மாதிரிக்கெனத் தனிச் சரக்குப் பெயர் ஒன்றைத் தொடங்கிக் கொள்வது பெரும் உதவியாகும். மருந்துத் துறையில் மருத்துவர்க்கான மாதிரி, விற்பனைக்கன்று என்னும் சொற்களை உறையில் அச்சிட வேண்டுமென்று மருந்து விதிகளே கட்டளையிடுவதால், அங்கே பிரிவு இயல்பாக அமைந்துவிடுகிறது. ஊதுபத்திக்கு அத்தகைய விதி இல்லை. பிரிவைக் கணக்கரே ஏற்படுத்த வேண்டும்.

இப்பதிவுகளை அந்தந்த மாதத்திலேயே செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறுமமாகப் பதிவு பெற்ற சிறுதொழில்கள், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் பதிந்து வைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். அப்பதிவை நிறுத்தி வைக்கவும் இயலாதிருத்தல் வேண்டும். முன்பு மார்ச்சு இறுதியில் உட்கார்ந்து, ஆண்டு முழுவதற்குமான மாதிரிகளைப் பழைய தேதிகளிட்டு ஒரே நாளில் எழுதி முடிப்பது சில இடங்களில் வழக்கமாயிருந்தது. இப்பொழுது ஜூன் மாதத் தேதியிட்ட பதிவு மார்ச்சில் எழுதப்பட்டது என்பதும் தணிக்கையாளர் கண்முன் நிற்கும்.