உங்களுக்குத் தெரியுமா? தோல் இருக்கை முதலாளிக்கு அல்ல, ஓட்டுநருக்கு!

இன்றைய எஸ்யூவியில் தோல் இருக்கை என்றாலே விலை கூடிய மாடல். 1920களின் உயர்ரகக் கார்கள் பலவற்றில் நிலைமை நேர் எதிர்: மழையிலும் வெயிலிலும் திறந்தவெளியில் அமர்ந்த ஓட்டுநருக்குத் தோல்; மூடிய பின்னறையில் முதலாளிக்கு மெத்தென்ற கம்பளித் துணி. தோல் அங்கே ஆடம்பரமாக அல்ல, உழைப்பைத் தாங்கும் பொருளாகவே நுழைந்தது. அதனால்தான் பழைய காரையும் எஸ்யூவியையும் ஒப்பிடுவோர் எஞ்சினோடு நிற்காமல் இருக்கையையும் தடவிப் பார்க்க வேண்டும் என்கிறேன். இன்று ‘லெதரெட்’ என விற்பது துணிமேல் பிவிசியோ பாலியூரித்தேனோ பூசிய செயற்கைப் பொருள். பூச்சு உரிந்தால் உறையையே மாற்ற வேண்டியதுதான். தோலுக்கு மீண்டும் சாயம் ஏற்றலாம், கிழிந்த துண்டை மட்டும் மாற்றித் தைக்கலாம். ரெக்சின் என்ற செயற்கைத் தோல் அன்றே இருந்ததே என்பீர்கள். உண்மை, ஆனால் அது பெரும்பாலும் மலிவுக்காக வந்த மாற்று.

தோலுக்கு எதிரான வலுவான மறுப்பு பாலாற்றிலிருந்து வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் நம் பழைய முறையில், இன்றைய ஆலைகள் பல பயன்படுத்தும் குரோமியம் இல்லை. எனினும் அதன் கழிவுநீரையும் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட முடியாது. ஆனால் பெட்ரோலியத்தில் பிறந்து, மட்காமல் கிடக்கும் பிவிசியைத் தூய்மையானது என்று எப்படி ஏற்பது?