அக்குபங்சர்: ஊசிக்குப் போகும் முன் அறிய வேண்டியவை

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு பஜ்ர் பாங்கு வரை உறக்கம் இல்லை. மத்ரஸா கட்டடக் கடன், ஜமாஅத்தில் இரு குடும்பங்களின் பஞ்சாயத்து, மகளின் கல்லூரிக் கட்டணம் என ஒவ்வொன்றாக மனத்தில் ஓடும். "ஹஜ்ரத், அக்குபங்சர் பார்த்தால் என்ன?" என்று தொழுகையாளி ஒருவர் கேட்டார். சென்றேன். பலனும் கண்டேன், ஒரு பாடமும் கற்றேன். மன அழுத்தத்திற்காக இச்சிகிச்சையை முதன்முறை நாடுவோருக்கு இரண்டும் பயன்படும்.

எங்கிருந்து வந்தது?

இது சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் மருத்துவம். 'சீ' எனும் உயிராற்றல் உடலில் 12 முதன்மைப் பாதைகளில் ஓடுகிறது, அந்த ஓட்டம் தடைபட்டால் நோய் வருகிறது என்பது அதன் கோட்பாடு. பாதைகளின் மீதுள்ள குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்துள்ளது.

1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் டாக்டர் பி.கே. பாசுவும் இருந்தார். பின்னாளில் பாசு சீனாவில் இதைக் கற்று வந்து வங்காளத்தில் பரப்பினார். மேற்கு வங்க அரசு 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

முதல் நாள் எப்படி இருக்கும்?

நமக்குத் தெரிந்த ஹிஜாமாவில் இரத்தம் எடுப்பார்கள். இதில் எடுப்பதில்லை. ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன்தான், உள்ளே மருந்தும் செல்வதில்லை. எனக்கு மணிக்கட்டின் உட்புறம், புருவ மத்தி, காது, பாதம் ஆகிய இடங்களில் செருகினார்கள். எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக்கு, பிறகு லேசான கனம். அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்தேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

தமிழகத்தில் பல இடங்களில் ஊசியே இல்லாமல் புள்ளியை விரலால் தொடுவதையும் அக்குபங்சர் என்றே சொல்கிறார்கள். எந்த முறை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் வேலை செய்கிறதா?

ஊசி பட்டதும் நரம்புகள் தூண்டப்பட்டு, வலியைத் தணிக்கும் எண்டார்பின் போன்றவை சுரக்கின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். ஆனால் புள்ளி அல்லாத இடத்தில் குத்தியும், குத்துவதுபோல் பாவனை செய்தும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அமைதியான அறை, கைபேசி இல்லாத அரை மணி நேரம், நம் கவலையைப் பொறுமையாகக் கேட்கும் ஒருவர், குணமாகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கும் பலனில் பங்குண்டு. நான் பெற்ற உறக்கத்தில் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

நான் செய்த தவறு

நான்காம் முறை சென்றபோது, "இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துங்கள், அதுதான் உடலைக் கெடுக்கிறது" என்றார் சிகிச்சையாளர். உறக்கம் வந்துவிட்டது, மனம் லேசாகிவிட்டது, அதனால் நம்பினேன். மருத்துவரிடம் கேட்காமலேயே நிறுத்தினேன். பத்தாம் நாள் இஷா தொழுகையில் ருகூவிலிருந்து நிமிரும்போது தலை சுற்றிச் சாய்ந்தேன். மருத்துவமனையில் அளந்தபோது அழுத்தம் 190/110.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உடல் லேசாக இருப்பதை வைத்து அது குறைந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது, கருவியால் அளந்தே அறிய வேண்டும். பிறருக்கு அறிவுரை சொல்லும் எனக்கே இது அன்றுதான் உறைத்தது.

கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு முறையும் உறை பிரிக்காத புதிய ஊசியையே பயன்படுத்த வேண்டும். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம்.
* வெறும் வயிற்றில் செல்லாதீர்கள், மயக்கம் வரலாம்.
* கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.
* சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.
* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றுக்கு ஊசியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நோன்பு முறியுமா என்றும் சிலர் கேட்கின்றனர். இவ்வூசி உணவையோ மருந்தையோ உடலுக்குள் செலுத்துவதில்லை என்பதால் முறியாது என்பதே இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. எனினும் நோன்பு வயிற்றோடு மயக்கம் வர வாய்ப்புள்ளதால், இஃப்தாருக்குப் பின் செல்வதே நல்லது.

நான் இப்போதும் மாதம் ஒருமுறை செல்கிறேன், வேறொரு சிகிச்சையாளரிடம். மாத்திரையையும் தினமும் உண்கிறேன். கட்டடக் கடன் இன்னும் தீரவில்லை, ஆனால் அதை நிர்வாகக் குழுவின் முன் வைத்து நால்வரின் பொறுப்பாக்கிவிட்டோம். என் உறக்கத்திற்கு அதுவும் ஒரு மருந்துதான். உடல் எனும் அமானிதத்தைப் பேணும் அறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!