வலை போட்டு பிடித்தாலும் ஒழியாத ‘ஆப்பிரிக்க கெளுத்தி’! மலை அடிவார குட்டைக்காரர்களே உஷார்

குப்பனூர்:
ஏற்காடு மலையில் பெய்யும் மழை, ஓடை ஓடையாக இறங்கி குப்பனூர் பக்கம் வந்து சேருகிறது. ஒரு குட்டை நிரம்பி வழிந்தால் அந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குத்தான் போகும். இப்படிப்பட்ட இடத்தில் யாராவது ஒருத்தர் ஆப்பிரிக்க கெளுத்தியை வளர்க்க விட்டால், அது அவர் குட்டையோடு நிற்காது.

1990-களில் வங்கதேசம் வழியாக திருட்டுத்தனமாக இந்தியாவுக்குள் வந்த மீன் இது. 1997-லேயே இதை அழிக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. 2000-ல் தடையும் வந்தது. ஆனாலும் ரகசியமாக வளர்க்கிறார்கள். காரணம், கோழிக்கடை கழிவை கொட்டினாலே போதும், வருஷம் திரும்புவதற்குள் ஒரு கிலோவை தாண்டி விடும். லாபம்தான்!

நம்ம ஊர் தேளி மாதிரியே செதில் இருக்காது, மீசை இருக்கும். ஆனால் தேளி சின்னது. இது ஆள் நீளத்துக்கு கூட வளரும்.

செவுள் போக காற்றை சுவாசிக்க தனி உறுப்பு இருப்பதால், தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் பதுங்கி உயிரோடு இருக்கும். மழை பெய்த ராத்திரியில் பக்கத்து துடுப்பை ஊன்றி ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். புழு, தவளை, கெண்டைக்குஞ்சு எதையும் விடாது. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பறவைகளையே விழுங்கி இருக்கிறது.

புது தண்ணீர் வந்ததும் கரையோர புல்லில் முட்டை போடும். பெரிய பெண் மீன் ஒன்றே பல பத்தாயிரம் முட்டை போடும். ஒன்றிரண்டு நாளில் பொரித்து விடும்.

‘வலை போட்டு பிடித்து தின்னு தீர்த்துடலாமே’ என்று கேட்கலாம். இங்கிலாந்தில் இதே கணக்கைத்தான் போட்டார்கள். 1970-களில் பண்ணையில் வளர்க்க சிங்கி இறால் மாதிரி ஒரு அமெரிக்க ஆற்று இறாலை கொண்டு வந்தனர். அது தப்பித்து ஆறுகளில் பரவியது. கூண்டு வைத்தால் பெருசுகள்தான் சிக்கின. குஞ்சுகளை தின்று கொண்டிருந்ததே அந்த பெருசுகள்தான்! அவை போனதும் குஞ்சுகளுக்கு இரையும் இடமும் தாராளம்.

ஆப்பிரிக்க கெளுத்தியும் தன் குஞ்சையே தின்னும் ஜாதி. பெருசுகளை மட்டும் அரித்து எடுத்தால் இங்கேயும் அதே கதைதான். சேற்றுக்குள் இருப்பது வலைக்கு வரவே வராது.

அப்போ என்னதான் செய்வது? கோடையில் குட்டையை முழுசாக இறைத்து, சேற்றை கிளறி கையால் பொறுக்கி, குழி தோண்டி புதைக்க வேண்டும். தரை வெடிக்கும் வரை காயப் போடணும். இறைக்க முடியாத சொந்த குட்டை என்றால் இலுப்பை புண்ணாக்கு கரைக்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழ தண்ணீருக்கு சுமார் 1,000 கிலோ ஆகும். மற்ற மீன்களும் சேர்ந்து செத்து விடும் என்பதால் பொது ஏரியில் இதை செய்யவே கூடாது. போட்டபின் 3 வாரம் கழித்துத்தான் கெண்டைக்குஞ்சு விட வேண்டும். அதன் பிறகு புண்ணாக்கே குட்டைக்கு உரமாகி விடும்.

விவரம் தெரியாதவர்கள் மேட்டூர் அணையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளலாம்.

தூண்டிலில் ஒன்று மாட்டினாலும் பாவம் பார்த்து திரும்ப ஏரியில் விடாதீர்கள். பக்கத்து கிணற்றில் போடுவது அதைவிட மோசம்.