இந்தத் தடவை ஆச்சி இங்கே வரட்டும்!

செப்டம்பர் மாதம் பிள்ளையாரைக் கடலில் கரைத்து முடித்ததுமே நம் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடும். "தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?" மாட்டுங்கா மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கும்போதும் இதே கேள்விதான், தாராவி 90 அடி சாலையில் முறுக்குக்குச் சொல்லிவைக்கப் போனாலும் இதே கேள்விதான். பள்ளிக்கூடங்கள் இரண்டு மூன்று வாரம் மூடுகின்றன. ஊரிலோ பெரியவர்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கிறார்கள். போகாமல் இருக்க முடியுமா?

நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். என் கணவரின் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். அங்கே என் மாமியார் தனியாக இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி, எனக்கு அத்தை. செம்பூரில் பிறந்து வளரும் என் பிள்ளைகளுக்கு ஊர் என்றாலே ஆச்சிதான்.

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் போயிருந்தோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டரை. "ஊரில் நல்ல வெயில் இருக்கும், ஆற்றில் குளிக்கலாம், திருச்செந்தூர் கடலில் விளையாடலாம்" என்று ஆசை காட்டி அழைத்துப் போனோம். தீபாவளி அக்டோபர் 24 அன்று வந்தது. மாதக் கடைசியில் பருவமழை பிடித்துக்கொண்டது. அதன்பின் நாங்கள் பார்த்தது திண்ணையையும் கூரைத் தண்ணீரையும்தான். ஆற்றுப்பக்கம் போகக்கூடாது என்று ஊரார் தடுத்தார்கள். துவைத்த துணி காயவில்லை. சின்னவளுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. ஈரச்சுவர் வீட்டில் மூன்றாம் நாள் இரவே மூச்சு இரைக்கத் தொடங்கிவிட்டது. கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மும்பை திரும்பியதும் மகன் சொன்ன வார்த்தை என்னைச் சுட்டது. "அம்மா, இனிமே ஆச்சி வீட்டுக்கு வேண்டாம்மா."

பிள்ளை ஆச்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை. மழையைத்தான் வேண்டாம் என்றான். ஆனால் ஏழாவது வயதில் மழையும் ஆச்சியும் ஒன்றாகப் பதிந்துவிட்டால் பிறகு பிரிப்பது எளிதா? அன்று இரவே யோசிக்கத் தொடங்கினேன்.

ஐப்பசியில் நாம் செய்யும் தவறு

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது சும்மாவா? மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைந்து எழுகிறோம். அக்டோபர் முதல் பாதியில் அது விடைபெறுகிறது. அதே அக்டோபரில் காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அதாவது, இங்கே மழை முடிந்து வானம் வெளுக்கும்போது மூட்டை கட்டிக்கொண்டு அங்கே மழைக்குள் போகிறோம்!

குற்றாலத்தில் குளிக்கலாம் என்றால் வெள்ளம் காரணமாக அடிக்கடி தடை. ஊட்டி மலை ரயிலில் பிள்ளைகளை ஏற்றலாம் என்றால் மண்சரிவால் பல நாள் ஓடுவதில்லை. நவம்பரில் வெயிலும் கடலும் வேண்டுமென்றால், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கொங்கணக் கரைதான் தோது. அது நம் வாசலிலேயே இருக்கிறது! வங்கக் கடலின் மழையை மலை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பகலில் முப்பது டிகிரிக்குமேல் வெயில், காலையில் இதமான குளிர், தெளிந்த வானம்.

ஆனால் ஆச்சியை விட்டுவிட்டு நாம் மட்டும் கடற்கரையில் உல்லாசமாக இருப்பதா? என் கணவர் இதற்குச் சம்மதிக்கவே மாட்டார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் தோன்றியது: நாம் அங்கே போவதற்குப் பதில் ஆச்சியை இங்கே வரவழைத்தால் என்ன?

சஷ்டிக்கு என்ன வழி?

2023 ஆகஸ்டில் தொலைபேசியில் பேச்சை எடுத்தேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"ஏன்ம்மா, ஊரு பிடிக்கலையா உங்களுக்கு?"

"அப்படி இல்ல அத்தை. சின்னவளுக்கு மழை ஒத்துக்கல. நீங்க வந்தா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

"தீவாளி முடிஞ்சதும் சஷ்டி விரதம்லா? திருச்செந்தூர் முருகனை விட்டுட்டு நான் எப்படி வருவேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தீபாவளி அமாவாசைக்கு அடுத்த ஆறு நாளும் அவருக்குப் பட்டினி விரதம். சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் கடற்கரையில் நிற்காத ஆண்டு இல்லை. நான் திணறும்போது என் கணவர் ரிசீவரை வாங்கினார். "அம்மா, இங்க செட்டா நகர்லயும் முருகன் இருக்கார். பேரே திருச்செம்பூர் முருகன். வீட்டுல இருந்து நடந்தே போயிரலாம்."

"திருச்செம்பூரா?" என்று அத்தை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே பாதி டிக்கெட் உறுதியாகிவிட்டது.

மீதிப் பாதிக்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்ப் பெரியம்மா ஒருவரும் தாராவியில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருவதாக இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்தோம். 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் கீழ்ப் பெர்த் ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ பயணம் செய்தால் அதில் கேட்கலாம். இரண்டு அம்மாள்களுக்கும் கீழ்ப் பெர்த் கிடைத்தது. ஒன்றரை நாள் பயணத்தில் அவர்கள் பேசிமுடிக்காத ஊர்க்கதை இல்லை!

நவம்பர் 12 தீபாவளி. அந்த ஆண்டு மும்பையில் காற்று மிகவும் மாசுபட்டிருந்ததால் இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று உயர்நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்திருந்தது. சின்னவளுக்காக நாங்கள் மத்தாப்போடு நிறுத்திக்கொண்டோம். 18-ஆம் தேதி சூரசம்ஹாரம். செட்டா நகர் கோயிலில் படியேறி நின்று கும்பிட்ட அத்தை, "கடல் ஒண்ணுதான் குறைச்சல்" என்றார்.

"கடலுக்குத்தான் ஆச்சி நாளன்னிக்குப் போறோம்!" என்று குதித்தான் மகன்.

மூன்று இரவு, நான்கு பகல்

நவம்பர் 20 காலையில் புறப்பட்டோம். அலிபாக்குக்குச் சாலை வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டர். பன்வேல் நெரிசலில் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். 2020 முதல் பாவ்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு, வண்டியையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். சின்னவள் கடற்பறவைகளை எண்ணிக்கொண்டே வந்தாள்; வாந்தி இல்லை, அழுகை இல்லை.

அலிபாக்கில் கொலாபா கோட்டை கடலுக்குள் நிற்கிறது. கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். ஏற்றம் எப்போது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் திரும்புவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். பிறகு காசித் கடற்கரை வழியாக முருட் போய் மூன்று இரவு தங்கினோம். காசித்தில் மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அடிநீர் இழுப்பு உண்டு. பிள்ளைகளை முழங்காலுக்குமேல் தண்ணீரில் விடவில்லை. முருட்டில் ஜஞ்சிரா கோட்டையைக் கரையிலிருந்தே காட்டினோம். மராட்டியர்கள் எத்தனையோ முறை முயன்றும் பிடிக்க முடியாத கோட்டை என்றதும் மகன் வாயைப் பிளந்தான். ஆடும் பாய்மரப் படகில் மூன்றரை வயதுக் குழந்தையுடன் ஏறிப்போக எனக்குத் துணிவில்லை.

பெரிய ஓட்டல் எதுவும் வேண்டாம் என்று, ஒரு வீட்டோடு சேர்ந்த விடுதியில் அறை எடுத்தோம். அவர்களே சமைத்துத் தந்தார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் சோல்கடி வந்தது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "தேங்காப்பால் நம்ம சொதி மாதிரிதான் இருக்கு, ஆனா புளிக்குதே!" என்றார். வீட்டுக்கார அம்மாள் கோகம் பழத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு மராத்தி தெரியாது. ஆனால் இருவரும் தேங்காயைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள்.

அன்று மாலை ஆறு மணி. சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்ம ஊர்ல கடல்ல இருந்து எழும்பி வரும். இங்க கடலுக்குள்ள போகுது. இத்தனை வயசுக்கு இப்பத்தான் பார்க்கேன்" என்றார். மகன் அவர் மடியில் படுத்திருந்தான். சின்னவளுக்கு அந்த நான்கு நாளும் ஒருமுறைகூட மூச்சு இரைக்கவில்லை.

நினைத்துப் பார்க்காதது

26-ஆம் தேதி திருக்கார்த்திகை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவதாக அத்தை சொல்லியிருந்தார். பிள்ளைகள் விடவில்லை. "பொங்கலுக்குப் போகலாம் ஆச்சி" என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டான். இருந்துவிட்டார்.

டிசம்பர் 17. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். எங்கள் ஊருக்கு இரண்டு நாள் தொலைபேசித் தொடர்பே இல்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தம்பி பேசினார். தெருவாசிகள் மாடிவீடு ஒன்றில் ஏறித் தப்பிவிட்டார்கள். அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நெல் மூட்டை, பீரோவில் இருந்த புடவைகள், மாமாவின் படம் எல்லாம் போயின.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க படம் போச்சே" என்று மட்டும் சொன்னார். எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து மாமாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். பொங்கலுக்கு முன்பே என் கணவர் ஊருக்குப் போய் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து வந்தார்.

முன்யோசனையால் தப்பித்தோம் என்று நான் சொல்லவில்லை. சின்னவளின் இருமலுக்குப் பயந்து போட்ட திட்டம்தான் அது. ஆனாலும் அத்தை அந்த இரவு தனியாக இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

திட்டமிடும் அன்பர்களுக்குச் சில சொற்கள்

முன்பு 120 நாளுக்கு முன்பே ரயிலில் இடம் பிடிக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. நாள்காட்டியில் எண்ணிக் குறித்துவைத்து, முதல் நாளே பதிவு செய்யுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம்; ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால், பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம். முதியோர் சலுகைக் கட்டணம் 2020 மார்ச்சில் நின்றுபோனது. பணக்கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசதியிருந்தால் கொங்கண் ரயிலில் ரத்னகிரி இறங்கிக் கணபதிபுலே போகலாம், கோவாவும் போகலாம். மழைக்காலத்தில் மெதுவாக ஓடும் அந்த வண்டிகள் நவம்பரில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.

குழந்தைகளைக் காலை பத்து மணி வரையும் மாலை நான்குக்குப் பிறகும் கடற்கரையில் விடுங்கள். நடுப்பகல் வெயில் தூங்குவதற்கு! தொப்பி, தண்ணீர், இட்லிப்பொடி, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, ஒரு ஜோடி கூடுதல் உடை – இவை கையிலேயே இருக்கட்டும்.

ஊரை மறக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மே மாதம் பள்ளி மூடியதும் நாங்கள் ஊரில்தான் இருக்கிறோம். நுங்கு, பதநீர், ஆற்றுக்குளியல், மொட்டைமாடித் தூக்கம். மகன் இப்போது ஏப்ரலிலேயே பெட்டியை எடுத்துவைக்கிறான்.

ஐப்பசிக்கு ஆச்சி இங்கே. புரட்டாசி பிறந்ததும் ஊரிலிருந்து போன் வருகிறது.

"ஏன்ம்மா, இந்த வருஷம் எந்தக் கடலுக்குப் போறோம்?"